தலைவர் வண்டிக்குக் கிரீஸ்

மனிதன் மிருகத்திலிருந்து பிரிந்தது நெருப்பைக் கண்டுபிடித்த அன்று அல்ல. இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் நடுவே ஒரு விரல் கிரீஸ் வைத்த அன்றுதான். நாகரிகம் அங்கிருந்துதான் தொடங்கியது. உரசாமல் திரும்பத் தெரிந்தவர்கள் உலகத்தை ஆண்டார்கள். திரும்ப முடியாதவர்கள் வாய்க்காலில் விழுந்தார்கள்.

இது வுனிகுரா கரும்பு லாரிச் சொந்தக்காரர்கள் சங்கத் தலைவர் தரம் லிங்கத்தின் கருத்து. ஞாயிற்றுக்கிழமைதோறும் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இதைச் சொல்வார். கேட்பதற்கு வீட்டுக் கோழிகள் இருந்தன. அந்தக் கோழிகளின் காலெல்லாம் கிரீஸ்.

சங்கத்தில் ஐந்து லாரிகள். அதில் ஒன்று ஓடாது. ஆனாலும் தலைவர் என்றால் தலைவர்தான். லம்பாசா டவுனுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் சட்டைப் பையில் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். அவருடைய லாரி பழைய ஜப்பான் வண்டி. பவர் ஸ்டீயரிங் கிடையாது. கரும்பு ஏற்றி வளைவில் திருப்புவதற்குத் தோளில் சதை வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு முன் அச்சு, சக்கரம் திரும்பும் கிங்பின், குறுக்குக் கம்பியின் இரு முனை என்று கிரீஸ் அடிக்கும் நிப்பிள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டியின் காம்பளவு. அவற்றில் வாராவாரம் கிரீஸ் ஏற்றினால் வண்டி பேச்சுக் கேட்கும்.

கிரீஸ் ஏற்றும் உரிமையை லிங்கம் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. கிரீஸ் கன் சாமி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அலமாரிக்கும் அதற்கும் சேர்த்து ஒரே பூட்டு. ஞாயிறு காலை குளித்து, விளக்கேற்றி, பூட்டைத் திறந்து, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் இறங்குவார். அடிக்க அடிக்க நிப்பிளைச் சுற்றிக் கிரீஸ் பிதுங்கி வெளியே வழியும்.

"பாத்தியா, வழியுது. வயிறு நெறஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்பார். பிறகு மறுபடி குளிப்பார்.

லாரியின் அடிப்பாகம் முழுவதும் வெள்ளிப் பெயிண்ட். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை மில் சீசனுக்குத் திறக்கும் நாளில், மிகச் சுத்தமான லாரிக்கு டவுன் கடைக்காரர் ஒருவர் பிரஷர் குக்கர் பரிசு கொடுத்தார். லிங்கம் அதற்காக அச்சு, ஸ்பிரிங், கம்பி, போல்ட் என்று பிரஷ் எட்டிய எதையும் விடாமல் வெள்ளி பூசினார். குக்கர் கிடைத்தது. அன்றிலிருந்து மழை ஓய்ந்து கரும்பு பூவெடுக்கும் மாதத்தில் இன்னொரு கோட்டு, அடுத்த வருஷம் இன்னொரு கோட்டு.

"அடியில யாருங்க பாக்கப் போறா?" என்று அவர் மனைவி சரோஜனி கேட்டாள்.

"பாக்குறவன் பாப்பான்."

லாரியை ஓட்டியது சரோஜனியின் தம்பி விம்லேஷ். அப்பாவின் குத்தகை முடிந்து நிலம் கைவிட்டுப் போனபின் அக்கா வீட்டுக்கு வந்தவன். ஒல்லியான உடம்பு, பேச்சும் ஒல்லி. அந்த ஜூன் மாதம் அவனுக்கு ஒரு நல்ல காரியம் கூடி வந்திருந்தது. சியாங்கங்காவில் கிஸ்ட்னா என்பவர் தன் மகள் ரோஷ்ணியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். நிலமில்லாத பையனுக்கு ஏன் தருகிறாய் என்று அவருடைய ஆட்கள் கேட்டபோது, "அவன் கையில ஸ்டீயரிங் இருக்குப்பா" என்று பதில் சொன்னாராம். மில் திறக்கும் நாளில் மாலை போட்ட லாரியை மாப்பிள்ளை ஓட்டுவதைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்தை உறுதி செய்வதாக ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்துத்தான், ஒரு ஞாயிறு மதியம், டின் மீன் குழம்பை மரவள்ளிக் கிழங்கின்மேல் ஊற்றிக்கொண்டே லிங்கம் சொன்னார்: "அவ்னீல் வர்றான்."

"எந்த அவ்னீல்?" என்றாள் சரோஜனி.

"லவுட்டோகா அவ்னீல். அந்தத் தீவுல இருக்குற என் தம்பி பையன். வியாழக்கெழம கப்பல்ல வர்றான்."

"எதுக்கு, கரும்பு திங்கவா?"

"லாரி ஓட்ட."

விம்லேஷ் வாயில் வைத்த கிழங்கை மெல்லாமல் நிறுத்தினான். சரோஜனி கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள்.

"லாரியத்தான் இவன் ஓட்டுறானே."

"ஓட்டுறானா? போன சீசன்ல மில் வாசல்ல என்ன நடந்துச்சுன்னு கேளு. முன்னால போறான், பின்னால வர்றான், மறுபடி முன்னால போறான். கரும்பு கொண்டு போறானா, ஊஞ்சல் ஆடுறானா? பின்னால அத்தன வண்டியும் ஹார்ன் அடிக்கிறான். கேட்டு காவக்காரன் எந்திரிச்சு நின்னு வேடிக்க பாக்குறான். யாரு வண்டி? தலைவர் வண்டி! அதுல ஹார்ன் அடிச்சவன்ல ரெண்டு பேரு சங்கத்துக்குச் சந்தாவே கட்டாதவன்."

"அத்தான், ஸ்டீயரிங் திரும்பல" என்றான் விம்லேஷ். "கால ஊணி, எந்திரிச்சு நின்னு இழுத்தாத்தான் திரும்புது. முன்னெல்லாம் இப்படி இல்ல."

"ஸ்டீயரிங் திரும்பலையா, நீ திருப்பலையா? இந்த லம்பாசாவுல வாரந்தவறாம கிரீஸ் வாங்குற வண்டி என் வண்டி ஒண்ணுதான். அதுல கொற சொல்றியா?"

"கொற சொல்லல அத்தான்."

"உன் கையப் பாரு, வாழத்தண்டு. யங்கோனா வேர இடிச்சுக் கரைச்சுக் குடிச்சுக் குடிச்சு நரம்பெல்லாம் தொளதொளன்னு போச்சு."

"நீங்க மட்டும் என்ன, பாலா குடிக்கிறீங்க?" என்றாள் சரோஜனி.

"நான் குடிக்கிறது சங்க வேல. நாலு பேரு வந்தா தலைவரு குடிக்காம இருக்க முடியுமா?"

"சியாங்கங்காக்காரருக்கு என்ன பதில் சொல்றது?"

"ஒடம்பத் தேத்திட்டு வர்றான்னு சொல்லு. அவ்னீல் தெனம் காலையில இரும்பு தூக்குறானாம். அவன் தோளப் பாத்தா ஸ்டீயரிங் தானாத் திரும்பும்." மீன் முள்ளைத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, "குழம்புல இன்னும் கொஞ்சம் புளி இருக்கலாம்" என்றார்.

அவ்னீல் வந்தான். தோள் உண்மையாகவே பெரியதுதான். வாசற்படியில் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வருவான். அது அவசியமா என்று ஊர்க்காரர்களான எங்களுக்குள் ஒரு விவாதம் இருந்தது. முட்டை நிறையச் சாப்பிட்டான். சரோஜனியின் கோபத்தில் பாதி முட்டையினால் வந்தது. மீதியை அந்த முட்டைகளை இட்ட கோழிகள் கிரீஸ் காலோடு வீட்டுக்குள் கொண்டுவந்தன.

மில் திறக்கும் நாளுக்கு முந்தின மதியம். தென்கிழக்குக் காற்று கரும்புத் தோகையைச் சீவிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ வயலுக்குத் தீ வைத்திருந்தார்கள். கொடியில் காய்ந்த துணியில் எல்லாம் கரித்தூள். லிங்கம் அவ்னீலையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஹாலுக்குப் போயிருந்தார், வரவேற்புரையை ஒத்திகை பார்க்க. சரோஜனி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சிவப்புப் பெட்டை ஒன்று சமையலறைக்குள் வந்து, துடைத்த தரையில் வரிசையாகக் கால் பதித்துவிட்டுப் போயிற்று.

அவள் துணியை எடுத்துக் குனிந்தாள். குனிந்தவள் துடைக்கவில்லை. அந்தத் தடத்தை விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். தேன் நிறம். டின்னில் இருப்பது போலவே சுத்தம்.

விம்லேஷ் பின்னறையில் தன் சட்டைகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், குளிச்ச தண்ணி எப்படி இருக்கும்?"

"என்னக்கா?"

"ஒடம்புல ஊத்தி வழிஞ்ச தண்ணி அழுக்கா இருக்குமா, சுத்தமா இருக்குமா?"

"அழுக்காத்தான் இருக்கும்."

"இந்தக் கிரீஸ் வண்டிக்குள்ள போயி வயிறு நெறஞ்சு வெளிய வந்ததாம். பாரு. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. இது எங்கடா உள்ள போச்சு? எந்திரி. லாரிக்குக் கீழ வா."

பூட்டின் சாவி லிங்கத்தின் பழைய காக்கிக் கால்சட்டையில் இருந்தது. ஒத்திகைக்கே வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு போயிருந்தார். சரோஜனி சாவி, கிரீஸ் கன், மீன் செதில் சீவும் கத்தி மூன்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். விம்லேஷ் முன் அச்சுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் கட்டை வைத்தான். இருவரும் சாக்கை விரித்து உள்ளே நகர்ந்தார்கள்.

"எதுடா நிப்பிள்?"

"இந்தா, இந்த வெள்ளி மொட்டு. அங்கயும் ஒண்ணு."

"இதுல ஓட்ட எங்க?"

"நுனியில ஒரு சின்ன குண்டு இருக்கும்கா. கிரீஸ் வந்து தள்ளுனா அது உள்ள போயி வழி விடும்." விம்லேஷ் விரலால் தடவிப் பார்த்தான். மறுபடி தடவினான். "குண்டக் காணமே."

சரோஜனி கத்தியால் சீவினாள். வெள்ளிப் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. அதற்குக் கீழே இன்னொரு கோட்டு. அதற்கும் கீழே இன்னொன்று. பிறகுதான் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது.

ஒரு கோழி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"குக்கரு வாங்குன வருஷத்துல இருந்தா?" என்றான் விம்லேஷ்.

"அதுல இருந்துதான். மூணு வருஷமா மனுஷன் பெயிண்டுக்குக் கிரீஸ் அடிச்சிருக்காரு." அவள் சிரிக்கத் தொடங்கினாள். லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்து சிரிப்பது கஷ்டம், தலை இடித்தது. "குளிச்சிட்டு வேற அடிச்சாருடா!"

"நான் நெசமாவே என் கையிலதான் பெலம் இல்லன்னு நெனச்சேன்கா."

அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு நின்றது. "அந்தப் பக்கத்த நீ சீவு" என்றாள்.

எல்லா நிப்பிளையும் சீவி முடித்தார்கள். சரோஜனி சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். இறுகிப் போனவற்றுக்கு விம்லேஷ் டீசல் சொட்டு விட்டான். பிறகு கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினான். முதலில் கல்லாக நின்றது. முழங்கையை ஊன்றி இன்னொரு முறை அழுத்தினான். கிங்பின்னின் விளிம்பிலிருந்து மிளகாய்த் தூள் மாதிரி செந்துரு உதிர்ந்தது. அதன் பின்னால் தார்போலக் கறுப்பாக, கெட்டியாக, பழைய கிரீஸ் நெளிந்து வந்தது.

"இதுதான் குளிச்ச தண்ணி" என்றாள் சரோஜனி.

"அக்கா, மேல ஏறி ஸ்டீயரிங்க திருப்பு. அப்பத்தான் எல்லா எடமும் பரவும்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

அவள் முழங்கைவரை கிரீஸோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. இடது பக்கம் கடைசிவரை, வலது பக்கம் கடைசிவரை. கீழே விம்லேஷ் அடித்துக்கொண்டே இருந்தான். ஜாக்கியை இறக்கிய பிறகும் அவள் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். அம்மி மாதிரி இருந்த ஸ்டீயரிங் இப்போது ஆட்டுக்கல்லில் அரைத்த மாவுக்குள் கை விட்டது போலத் திரும்பிற்று. இறங்கும்போதுதான் பார்த்தாள்: அவள் உட்கார்ந்த இடம் முழுக்கக் கிரீஸ். துடைத்தால் இன்னும் பரவிற்று. ஒரு கரும்புச் சாக்கை எடுத்து மேலே விரித்தாள்.

"அத்தான்கிட்ட சொல்லிடலாமா?"

"சொல்லேன். மூணு வருஷமா பெயிண்டுக்குக் கிரீஸ் அடிச்சீங்க தலைவரேன்னு சொல்லு. சொல்லிட்டு நடந்தே சியாங்கங்கா போ."

"அப்ப?"

"நாளைக்குக் கோயிலடி வரைக்கும் நீதான வண்டிய கொண்டாற. அங்க அத்தன பேரு முன்னால ஒத்தக் கையில திருப்பி நிறுத்து. தன் கிரீஸாலதான் லேசாச்சுன்னு அவரு சொல்லிக்குவாரு. சொல்லிக்கட்டும். நமக்கு வேல போகாம இருந்தா சரி."

மறுநாள் விம்லேஷ் ஒற்றைக் கையால்தான் திருப்பி நிறுத்தினான். ஆனால் அந்த நேரத்தில் லிங்கம் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கிக்குப் பேட்டரி தேடிக்கொண்டிருந்தார். வேறு யாரும் ஸ்டீயரிங்கைப் பார்க்கும் வழக்கமில்லை. பார்த்தவர் கிஸ்ட்னா ஒருவர்தான். முந்திரி மரத்தடியில் மடித்த குடையோடு நின்றிருந்தார். அவர் அதிகம் பேசாத ஆள்.

மில்லுக்கு ஊர்வலம் போக லாரிகளுக்குச் செம்பருத்தி மாலைகளும் பலூன்களும் கட்டினார்கள். ஒவ்வொரு லாரியிலும் சாமிக்கென்று ஒரு கட்டு கரும்பு. பண்டிதர் தேங்காய் உடைத்தார். விம்லேஷ் வண்டியில் ஏறப் போனான். லிங்கம் கையை நீட்டித் தடுத்தார்.

"எறங்கு. இந்த சீசனோட மொத திருப்பம் என் கையால. கோயில் வளைவுவரைக்கும் நான் ஓட்டுவேன். பக்கத்துல அவ்னீல் உக்காந்து பாத்துக்கட்டும். அங்கிருந்து அவன் எடுத்துக்குவான்."

கிஸ்ட்னா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அத்தான்" என்றான் விம்லேஷ், தணிந்த குரலில். "கொஞ்சம் மெதுவாத் திருப்புங்க. இப்ப ரொம்ப லேசா இருக்கு."

"எனக்கு நீ ஓட்டச் சொல்லித் தர்றியா?"

"இல்லத்தான், நெசமாவே—"

"இது என்ன சாக்கு? ஊரே பாக்குது, தலைவரு சாக்குல உக்காரணுமா?" சாக்கை உருவி எறிந்தார்.

"ஏங்க, சாக்கு இருக்கட்டுங்க" என்று சரோஜனி கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"பொம்பளைங்க எல்லாம் பூவப் போடுங்க" என்றார் லிங்கம். வெள்ளைப் பேன்ட்டோடு ஏறி உட்கார்ந்தார்.

கோயிலைத் தாண்டியதும் வரும் அந்த வளைவு மோசமான வளைவுதான். சாலை இடது பக்கம் சட்டென்று மடங்கிக் கரும்பு ரயில் பாதையை ஒட்டிப் போகும். உள்பக்கம் வாய்க்கால். அங்கே பக்கத்துக் கிராமத்து இலைசா தன் இரண்டு காளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு விழாக்களில் நம்பிக்கை கிடையாது.

வளைவு நெருங்கியது. லிங்கம் அவ்னீலிடம் ஏதோ சொன்னார். தோளை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினாராம். பிறகு அதைச் செய்து காட்டக் காலை ஊன்றி, இருக்கையிலிருந்து எழும்பி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒரு இழு இழுத்தார்.

அது மறுப்பேதும் சொல்லவில்லை. எவ்வளவு கேட்டாரோ அவ்வளவும் திரும்பிற்று. லாரி வளைவைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு, புல்லில் ஏறி, மாலை பலூன்களோடு முன்சக்கரம் இரண்டும் வாய்க்காலில் இறங்கி நின்றது. பலூன்கள் வரிசையாக வெடித்தன. காளைகள் இரண்டும் தாமாகவே கரையேறின.

யாருக்கும் அடியில்லை. அவ்னீலின் நெற்றியில் மட்டும் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். ஊரே ஓடிப் போய்ச் சுற்றி நின்றது. லாரியின் கதவு திறந்தது. முதலில் ஒலிபெருக்கி வெளியே வந்தது. பிறகு தலைவர். வண்டியின் படியில் எங்களைப் பார்த்து நின்றார். எல்லோரும் காத்திருந்தோம்.

"பாத்தீங்களா?" என்றார் ஒலிபெருக்கியில். "எல்லாரும் பாத்தீங்கல்ல? எப்படித் திரும்புச்சு பாத்தீங்களா! இந்த லம்பாசாவுல இப்படித் திரும்புற வண்டி எவங்கிட்டயாவது இருக்கா? இதுக்குப் பேருதான் பராமரிப்பு. வாரந்தவறாம, குளிச்சிட்டு, என் கையால..."

"அப்படித் திருப்புனா ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்" என்று இலைசா காளைகளிடம் சொன்னான்.

விம்லேஷ் வாயைத் திறந்தான். சரோஜனி அவன் காலை மிதித்தாள்.

கிஸ்ட்னா முன்னால் வந்தார். "தலைவரே, இனிமே வண்டிய யாரு ஓட்டுறது?"

லிங்கம் அவ்னீலைப் பார்த்தார். அவ்னீல் நெற்றியைப் பிடித்தபடி நின்றான்.

"எனக்கு வேணாம் பெரியப்பா. தொட்டாத் திரும்புது. பயமா இருக்கு."

தலைவர் யோசித்தார். ஆனால் அதிக நேரம் இல்லை. அந்தத் திறமையால்தான் அவர் தலைவரானது.

"இதுவும் சரிதான்" என்றார் ஒலிபெருக்கியில். "பெலம் வேண்டியிருந்த காலத்துல பெலசாலி வேணும்னு நெனச்சேன். என் கிரீஸ் எறங்கி வண்டி இவ்வளவு லேசானதுக்கப்புறம் பெலம் எதுக்கு? ஒரு நோஞ்சான் போதும். மச்சான் விம்லேஷே ஓட்டட்டும்."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். விம்லேஷின் முகத்தில் அடி வாங்கியவனும் பரிசு வாங்கியவனும் ஒன்றாகத் தெரிந்தார்கள்.

இலைசா முனகிக்கொண்டே காளைகளைப் பூட்டினான். கயிறு இறுகிற்று, காளைகள் முட்டி போட்டு இழுத்தன, லாரி சேற்றை உறிஞ்சும் சத்தத்தோடு பின்னால் ஏறியது. விம்லேஷ் எறியப்பட்டுக் கிடந்த சாக்கைத் தேடி எடுத்து இருக்கையில் விரித்து உட்கார்ந்தான். ஸ்டீயரிங்கை விரல் நுனியில் பிடித்து, கோயில் வளைவை ஒரே வீச்சில் எடுத்து நிறுத்தினான். கிஸ்ட்னா குடையை விரித்தார். வெயில் அப்படி ஒன்றும் இல்லை.

"வர்ற மாசம் வீட்டுக்கு வாங்கம்மா" என்றார் சரோஜனியிடம். "தேதி பேசிடலாம். கையில நெதானம் இருக்கு பையனுக்கு."

சாலையோரம் நின்று பேசிக்கொண்டிருந்த தலைவர் பேச்சை முடித்துக்கொண்டார். விழாவுக்கு வந்திருந்த மில் நிர்வாகத்தார், பண்டிதர், கடைக்காரர் எல்லோரையும் வணங்கினார். பிறகு திரும்பி, ஊர் முழுவதும் பார்க்க, ஊர்வலத்துக்கு முன்னால் மில்வரை நடந்தே போனார்.

அவருடைய வெள்ளைப் பேன்ட்டின் பின்பக்கம் முழுவதும் கிரீஸ். தேன் நிறத்தில் இருந்தது.